அம்மம்மாவின் பிரம்புக் கதிரை

கதிரையின் இருக்கையில் அடித்திருந்த பலகையில் பதினொரு ஆணிகள் இருந்தன. 1996 சித்திரைக் கடைசியில், போரால் இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியிலிருந்து எங்கள் ஊரான மானிப்பாய்க்குத் திரும்பிய கையோடு மாமா அடித்தவை. மூன்று ஆணிகள் குறட்டுக்குப் பிடிகொடுத்துக் கழன்றன. மற்றவை துருவேறி, தலை உதிர்ந்து, மரத்துக்குள் ஒளித்துக்கொண்டன. அவற்றைச் சுற்றித் தேங்காயெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தேன். அடுத்த நாள் காலை சட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டித் தட்டி ஏழை வெளியே எடுத்தேன். ஒன்று இன்னமும் உள்ளேதான் இருக்கிறது.

பலகையைத் தூக்கியதும் சட்டத்தின் நான்கு பக்கமும் வரிசையாகத் துளைகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன், நூற்றிரண்டு. அவற்றுக்குள் பழைய பிரம்பு நாரின் முனைகள் கறுத்துக் கிடந்தன. பலகைக்கு மேல் மெத்தை போட்டு அம்மம்மா இருந்த இருபத்தேழு வருடமும் அவை கீழே அப்படியே இருந்திருக்கின்றன. பலகைக்கு முந்திய பின்னல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மம்மா எழுந்து அடுப்படிக்குப் போகும் நேரம் பார்த்து, அந்தப் பின்னலின் எண்கோணக் கண்களுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பது என் வேலை. அவருடைய சூடு அதில் இருக்கும்.

அம்மம்மா 2023 ஆவணியில் தொண்ணூற்றேழு வயதில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்தோம். பிறந்தது சிரம்பான், வாழ்ந்தது மானிப்பாய் என்று முதல் பக்கத்தில் இரண்டு வரி. பிறகு தேவாரம், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், நன்றி நவிலல். குறை சொல்லவில்லை, கல்வெட்டு அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் கிடப்பதெல்லாம் எனக்கு இந்தக் கதிரையோடுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குள் அதைப் பழையபடி பின்னி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் இருந்தது.

முதலில் கதிரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அம்மம்மாவின் அப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த பொடியன்கள் அந்த ரயில்வேக்கும் அங்கிருந்த அரசாங்கக் கந்தோர்களுக்கும் கப்பலேறினார்கள். மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது, வயதான பின் சிலர் திரும்பி வந்து மலாயாப் பென்சன்காரர் என்று பெயரெடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி மூன்று வீடுகள் இருந்தன. அம்மம்மா 1926இல் சிரம்பானில், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். இந்தக் கதிரை அங்கே அவருடைய அப்பாவுக்கு வாங்கியது. அவர் கந்தோரால் வந்து அதில் சாய்ந்தால் வீடு அடங்கிவிடும் என்பார் அம்மம்மா.

1941 மார்கழி 8ஆம் திகதி ஜப்பான்காரன் மலாயாவின் கோத்தபாருவில் இறங்கினான். அடுத்த மாசி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அம்மம்மாவுக்குப் பதினைந்து வயது. அரிசி மறைந்து மரவள்ளி வந்தது. வாழைத்தாறு படம் போட்ட நோட்டு வந்தது, கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் ஒன்றும் வாங்க முடியாமல் போனது. வீட்டில் தையல் மெஷின் போனது, அம்மாவின் காப்பு போனது, மணிக்கூடு போனது. கதிரையை யாரும் கேட்கவில்லை, அதனால் அது மிஞ்சியது.

1946இல் அவருடைய அப்பா பென்சன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டார். இன்று போர்ட் கிள்ளான் எனப்படுகிற போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல், கொழும்பிலிருந்து இரவு மெயில், யாழ்ப்பாணம் ஸ்டேசனிலிருந்து மாட்டுவண்டி. கதிரை வண்டியின் பின்னால் தலைகீழாகக் கட்டப்பட்டு வந்ததாம். இருபது வயதுப் பெண் அந்தக் கால்கள் நான்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஆடுவதையே பார்த்தபடி, தான் ஒருநாளும் கண்டிராத தன் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

கதிரையைக் கவிழ்த்துத் துடைத்தபோது முன் சட்டத்தின் அடியில் வெள்ளை மை தெரிந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கொழும்பு என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் அம்மம்மாவின் அப்பாவான பூட்டனாரின் பெயரின் முதலெழுத்து. கப்பல் சாமான்களுக்குத் துறைமுகத்தில் எழுதியதாக இருக்க வேண்டும். அம்மம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. அதற்கு மேல் காகித நாடா ஒட்டிவிட்டுத்தான் மற்ற இடங்களில் அரத்தாள் போட்டேன்.

துளைகளைச் சுத்தம் செய்ததுதான் மிக அலுப்பான பகுதி. பழைய நாரைக் கத்தியால் வெட்டி எறிந்துவிடலாம், ஆனால் துளைக்குள் இறுக்கி அடித்த முளைகள் அசையாது. நுனி மழுங்கிய ஆணியொன்றை வைத்து மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும். பலமாக அடித்தால் துளைக்குத் துளை சட்டம் விறகு மாதிரிப் பிளந்துவிடும். நூற்றிரண்டில் எண்பது வரை தட்டலுக்கு வந்தன. மற்றவற்றைத் துளைக்கும் மெஷினில் 6 மில்லிமீற்றர் அலகு போட்டு எடுத்தேன். மாமாவின் ஆணிகளில் நான்கு துளைகளுக்கு மிகக் கிட்ட இறங்கியிருந்தன. பின் சட்டத்தில் இரண்டு துளைகள் ஒன்றாகக் கிழிந்தே போயிருந்தன. அந்த இடத்துக்குத் தச்சுவேலை செய்யும் அண்ணை ஒருவரிடம் கேட்டு ஒரு துண்டுத் தேக்கு வாங்கிச் சீவி, மரப்பசையில் தோய்த்து இறுக்கி, இரண்டு நாள் கட்டிவைத்துப் பிறகு புதிதாகத் துளைத்தேன். சின்ன ஆணி ஓட்டைகளுக்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாலே போதும்.

மாமாவுக்குக் கோபம் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், அந்தப் பலகை இல்லாவிட்டால் கதிரை அப்போதே விறகாகியிருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, மானிப்பாய் இருக்கிற வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. அம்மம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. மாமாவின் சைக்கிள் கரியரில் கொஞ்ச தூரம், சனம் நெரிந்து சைக்கிள் உருளாமல் போனபோது நடை. கதிரையை விட்டுவிட்டு வரப் போகிறோமா என்று நான் அழுதேனாம். “அது கடல் தாண்டி வந்தது பிள்ளை, ஒரு மழைக்குப் பயப்படாது” என்று அம்மம்மா சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் கதிரை கிணற்றடியில் நின்றது. யாரோ குளிக்கிறபோது உடுப்புப் போட வைத்திருக்க வேண்டும். பின்னல் முழுவதும் உக்கி, ஓரத்தில் மட்டும் தாடி மாதிரித் தொங்கியது. பிரம்பு வாங்குகிற காலமா அது? ஒரு பெட்டியைக் கழற்றி மாமா பலகை அடித்தார். அம்மம்மா ஏறி இருந்துவிட்டு, “நல்லாய் இருக்கிறது தம்பி” என்றார்.

பிரம்பு நார் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. கொழும்பு கண்டி வீதியில் வேவல்தெனிய என்ற ஊர் பிரம்பு வேலைக்குப் பேர்போனது. வேவல் என்றாலே சிங்களத்தில் பிரம்புதான். கொழும்பிலிருந்து வரவிருந்த உறவுக்காரர் ஒருவர் அங்கே போய் இரண்டு கட்டு வாங்கி வந்தார். கடைக்காரர் அது இந்தோனேசியப் பிரம்பு என்று சொன்னாராம். மலாயாப் பிரம்பு என்று சொல்லியிருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன். பின்னலுக்கு வேண்டியது முழுப் பிரம்பு அல்ல, அதன் மேல்தோலைச் சீவி எடுத்த நார். ஒரு பக்கம் பளபளப்பாகவும் வளைவாகவும், மற்றப் பக்கம் தட்டையாகவும் இருக்கும். என் கதிரையில் துளைக்குத் துளை நடு இடைவெளி 16 மில்லிமீற்றர். அதற்கு இரண்டரை மில்லிமீற்றர் அகல நார் சரி. துளை நெருக்கமென்றால் இன்னும் மெல்லியது வேண்டும். இருக்கைக்கு மட்டும் ஏறத்தாழ எண்பது மீற்றர் போனது.

பின்னத் தெரிந்தவர் ஒருவர் சுன்னாகத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எண்பது வயதை நெருங்கும் ஐயா. கண்ணில் பார்வை அநேகமாக இல்லை, கை மட்டும் எல்லாவற்றையும் பார்க்கிறது. கதிரையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் முன்னால் வைத்ததும், சட்டத்தைச் சுற்றி ஒரு தரம் விரலை ஓட்டிவிட்டு, “பின்னுக்கு ரெண்டு துளை புதிது” என்றார். “ஆறு ஓட்டம் பிள்ளை. முதல் நாலும் நேர், பிந்திய ரெண்டும் கோணல். நீங்கள் பின்னுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்.” கூலி வாங்க மறுத்துவிட்டார். நான்கு சனிக்கிழமைகள் போனேன்.

நாரை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட வேண்டும், பளபளப்புப் பக்கம் எப்போதும் மேலே. மணிக்கணக்காக ஊறினால் நிறம் கறுத்து வலு போய்விடும். அதனால் இரண்டு மூன்று நார் மட்டும் எடுத்து ஊறப்போட்டு, முடிய முடிய அடுத்தது. நாருக்குக் கணு உண்டு. விரல் நகத்தை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கும், எதிர்த்திசையில் தட்டும். வழுக்கும் திசையில்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையில் உரசிச் சிம்பு கிளம்பும். நாரைத் துளைக்குள் தற்காலிகமாக நிறுத்த வேப்பங்குச்சியில் முப்பது முளை சீவி வைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டம் நெடுக்கு. பின் சட்டத்தின் நடுத்துளையில் தொடங்கி, நேர் எதிரே முன் சட்டத்தின் நடுத்துளைக்குள் இறக்கி, அடியால் அடுத்த துளைக்குப் போய் மேலே ஏற்றி, திரும்பப் பின்னுக்கு. கதிரை முன்னுக்கு அகன்று பின்னுக்கு ஒடுங்குவதால் ஓரத்து நார்கள் பின் சட்டத்தை எட்டாது. அவற்றைப் பக்கச் சட்டத்தில் எந்தத் துளை நாரை நேராக வைத்திருக்கிறதோ அதில் முடிக்க வேண்டும். நான் இந்த ஓட்டத்தை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிட்டேன். ஐயா விரலால் ஒரு நாரைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “இப்போதே இவ்வளவு இறுக்கினால் நாலாம் ஓட்டத்துக்கு இடம் எங்கே?” என்றார். கழற்றித் தளர்த்தினேன். இரண்டாவது குறுக்கு, முதல் ஓட்டத்துக்கு மேலாகச் சும்மா படியும். மூன்றாவது மறுபடி நெடுக்கு, அதே துளைகள், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் நாருக்குச் சற்று வலப்பக்கமாக. இதுவரை பின்னல் என்று ஒன்றும் இல்லை, மூன்று அடுக்கு நார் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. நாலாவது குறுக்கில்தான் எல்லாம் பூட்டுகிறது. மூன்றாம் ஓட்ட நாருக்கு மேலால், முதல் ஓட்ட நாருக்குக் கீழால், வரிசை முழுவதும் அதே ஒழுங்கில். ஒரு வரிசைக்கு எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஆனால் முடித்ததும் நான்கு நாரும் சோடி சோடியாக ஒட்டிச் சதுரக் கட்டமாக இறுகின. அதைக் கண்டதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒற்றையடியாகக் கை வேலை செய்யும்போது நினைவு தன்பாட்டில் போகும். மானிப்பாய்க்கு வந்த முதல் வருடம் அம்மம்மா அழாத நாள் இல்லையாம். சிரம்பானில் குழாயைத் திறந்தால் தண்ணீர். இங்கே துலா மிதித்து அள்ள வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து, மாமியார் மஞ்சள் பூசி விட்டிருக்கிறார். ஒடியல் கூழை முதல் தரம் வாயில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாராம். என் நினைவில் அம்மம்மாவின் கூழுக்கு ஒழுங்கை முழுவதும் சட்டியோடு வரும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் அருந்தலானபோது மரவள்ளிக்கிழங்கில் பிட்டும் அடையும் களியும் செய்ய எங்கள் அயலுக்குப் பழக்கியவர் அவர்தான். “எனக்கு இது ரெண்டாம் தரம்” என்பார். உடுப்புக்குச் சவர்க்காரம் இல்லையென்று பனம்பழத்தைப் பிசைந்து தோய்த்தோம், அதை அவர் இங்கே மாமியாரிடம் பழகியிருந்தார்.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் கதிரையில் இருந்தபடி, “சூடா மாக்கான்?” என்று கேட்பார். இல்லை அம்மம்மா, பசிக்கிறது என்போம். சாப்பாடு சூடாக இருக்கிறது என்று ஏதோ சொல்கிறார் என்றே பத்து வயது வரை நினைத்திருந்தேன். சாப்பிட்டாயிற்றா என்பதற்கு மலாய் மொழியில் அப்படிச் சொல்வார்கள் என்று அம்மா சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகவும் பெரிய சந்தோசமாகவும் இருந்தது. எங்கள் வீட்டில் இப்போதும் அப்படித்தான் கேட்கிறோம்.

ஐந்தாம் ஓட்டம் கோணல். மூலைத் துளையில் தொடங்கி, நெடுக்குச் சோடிக்குக் கீழால், குறுக்குச் சோடிக்கு மேலால். ஆறாவது மற்றக் கோணல், முழுக்க எதிர்மாறு: நெடுக்குக்கு மேலால், குறுக்குக்குக் கீழால். சரியாகப் போனால் நார் வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போகும், பிழைத்தால் இரண்டு சோடிக்கும் நடுவே போய்க் கவ்வும். நான் ஐந்தாவதில் ஏழு வரிசை முடித்துவிட்டுத்தான் மூன்றாவது வரிசை பிழை என்று கண்டேன். ஐயா கேட்டார், “இழுபடுகிறபோது கரகரவென்று சத்தம் வந்திருக்குமே?” வந்தது, நான்தான் பிரம்பு அப்படித்தான் என்று இழுத்தேன். ஐந்து வரிசையை உருவிக் கழற்றி, காய்ந்தவற்றை மீண்டும் நனைத்துப் போட்டேன். இந்த வேலையில் கண்ணை விடக் காதை நம்புங்கள். ஆறாவது முடிகிறபோது துளைகள் நாரால் நிறைந்து ஊசி நுழைய இடமில்லை. சைக்கிள் கம்பியொன்றைக் கூராக்கி வழி பண்ணிக்கொண்டேன்.

கடைசியில் ஓரம் மூடல். கொஞ்சம் அகலமான நாரைத் துளைகளின் மேல் சுற்றிவரப் படுக்கவைத்து, இரண்டு துளைக்கு ஒருதரம் மெல்லிய நாரால் மேலெடுத்து அடியில் கட்ட வேண்டும். அடிமுடிச்சுகளைப் போடும்போது நார் நனைந்திருக்க வேண்டும், காய்ந்த நாரில் முடிச்சு முறியும்.

கைப்பிடியைப் பற்றியும் எழுத வேண்டும். வலது கைப்பிடியின் முனையில் ஒரு குழி இருக்கிறது, சின்ன நாணயக் குற்றி அளவு வட்டம், விரல் நகம் புதையும் ஆழம். பல்லுப் போன பிறகு அம்மம்மா அந்த இடத்தில்தான் பாக்குரலை வைத்து இடிப்பார். பின்னேரம் நாலு மணிக்கு டொக் டொக் என்று அயலுக்கே கேட்கும். குழியைச் சுற்றி மரம் வெற்றிலைச் சாயத்தில் சிவந்து, அவருடைய கை எண்ணெயில் மினுங்கிக் கிடக்கிறது. தச்சு அண்ணை, சீவினால் ஒரு நிமிடத்தில் மட்டமாகிவிடும் என்றார். நான் மறித்தேன். கைப்பிடி இரண்டிலும் அரத்தாள் படவே இல்லை, ஆளிவிதை எண்ணெய் மட்டும் துணியில் தொட்டுப் பூசினேன்.

பின்னிய கதிரையை நிழலில் இரண்டு நாள் காயவிட்டேன். பச்சை நாரில் இருந்தால் தொய்ந்துவிடும். காயக் காயப் பின்னல் தன்பாட்டில் இறுகுகிறது. மூன்றாம் நாள் காலையில் விரல் கணுவால் தட்டினேன். மேளத் தோல் மாதிரிச் சத்தம் வந்தது.

கதிரையைத் திண்ணையில் அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். நான்கு கால் தேய்த்த நான்கு வடு சீமெந்தில் இருந்தது, வைப்பதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. திவசத்தன்று காலை சித்தி அதில் அம்மம்மாவின் படத்தை வைத்து மாலை போட்டுவிட்டார். மனம் கேட்கவில்லை. சித்தியிடம் சொல்லிவிட்டுப் படத்தைச் சாமியறைச் சுவருக்கு மாற்றினேன். அது இருப்பதற்கென்று பின்னிய கதிரை. இருந்தும் ஒருவரும் இருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாயிலும் வாங்கிலும் இருந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் படலையைத் திறக்கும் முன்பே அம்மம்மா கேத்திலை அடுப்பில் ஏற்றச் சொல்லிவிடுவார். இத்தனை பேர் என்று தொகையும் சரியாக இருக்கும். அவருக்கு ஏதோ தெரிகிறது என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் முன்வீட்டு ஆச்சி தடி ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்குத் தொண்ணூறு. எழுபத்தேழு வருடம் அம்மம்மாவை மலாயாக்காரி என்றே கூப்பிட்டவர். செத்தவீட்டில் “மலாயாக்காரி போய்விட்டாளே” என்றுதான் அழுதார். நேரே கதிரைக்குப் போய், ஒருவரையும் கேட்காமல், கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கி இருந்தார். பின்னல் ஒரு தரம் கிறீச்சிட்டுத் தாங்கியது. சாய்ந்து தலையை நிமிர்த்தினார். அப்படியே கொஞ்ச நேரம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சை இருந்தால் சந்தி மட்டும் தெரிகிறதே” என்றார் ஆச்சி. “ஒருநாளும் சொல்லவில்லையே இவள்.”

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தி, தலையை அவருடைய தலைக்கு அருகில் சாய்த்துப் பார்த்தேன். பூவரசம் வேலியில் ஓர் இடைவெளி, அதற்குள்ளால் ஒழுங்கை முழுவதும் சந்தி வரை தெரிந்தது. இரண்டு பேர் சைக்கிளில் எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். அடுப்படியில் நின்ற அம்மாவிடம் கேத்திலை வைக்கச் சொன்னேன்.